அறுபத்துமூன்று வண்டிகளும் ஒரு ஸ்விஃப்டும்

உயிர் உள்ளவரை தன் வீட்டு வாசலில் கார் என்று ஒன்று வந்து நிற்கக் கூடாது என்று சகாயராஜ் முடிவெடுத்திருந்தார். சாதாரண முடிவு அல்ல. திண்டிவனத்தில் அவர் குடியிருந்த தெருமுனை டீக்கடையில், நாலு பேர் முன்னிலையில், இரண்டாவது டீயின் மீது ஆணையாக எடுத்த முடிவு.

கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம் கம்பீரமானது.

"பத்தொம்பது வருஷம் குவைத்துல ஊரான் வண்டி ஓட்டினேன். ஸ்டீயரிங்கப் பாத்தாலே கை கசக்குது. இனிமே நான் உக்காந்துக்கினு போற ஆளு."

டீக்கடை தலையாட்டியது. பத்தொன்பது வருஷம் உழைத்த கைக்கு ஓய்வு கேட்பதில் என்ன தப்பு?

நிஜக் காரணம் வேறு. அது தனக்கும், மரக்காணம் சாலையில் எதிரே வந்த ஒரு டிராக்டருக்கும் மட்டுமே தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் நடந்தது அது. பக்கத்து வீட்டுத் தெய்வசிகாமணி, "அண்ணே, குவைத்து டிரைவர் கையில ஒரு நாளு என் வண்டி ஓடட்டும், அதுக்கும் ஒரு மரியாதை" என்று சாவியை நீட்டினார். சகாயராஜ் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே ஸ்டீயரிங் இல்லை. அது அந்தப் பக்கம் இருந்தது. ஏதோ காகிதம் தேடியவர்போல் முன்பெட்டியைத் திறந்து மூடிவிட்டு, இறங்கிச் சுற்றிப் போய் உட்கார்ந்தார். கியர் போட வலக்கையை வீசினார். முட்டி கதவில் இடித்து மின்னல் வெட்டியது.

குவைத்தில் ஸ்டீயரிங் இடப்பக்கம், சாலையில் ஓடுவது வலப்பக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். இது மூளைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டா கை திரும்புகிறது? மரக்காணம் சாலையில் திரும்பியதும் கை தன் பழைய பழக்கப்படி வண்டியை வலப்பக்கத்தில் சேர்த்து நிம்மதியாக ஓட்டியது. எதிரே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று நேராக வந்தபோது சகாயராஜுக்குக் கோபம்கூட வந்தது. எவன் அவன், ராங் சைடில் வருகிறவன்?

டிராக்டர்காரர் ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினார். இறங்கி வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஐயா, நீங்க எந்த ஊரு?"

திண்டிவனம் என்று சொல்ல சகாயராஜுக்கு வாய் வரவில்லை. "குவைத்து" என்றார்.

"அப்ப அங்கயே போயி ஓட்டுங்க."

வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தே வீடு வந்தார். "கிளட்ச்சு வாசன அடிக்குது, மெக்கானிக்க அனுப்பு" என்று தெய்வசிகாமணியிடம் சாவியைக் கொடுத்தார். மெக்கானிக் கிளட்ச்சைப் பிரித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மறுபடி மாட்டினான். இந்தப் பொய்யைச் சகாயராஜ் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பிறர் கிளட்ச்சுக்கு எதிராகச் செய்த பாவம் பத்துக் கட்டளையில் எதில் சேரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்துதான் அந்த முடிவு.

ஆனால் பத்தொன்பது வருஷம் ஓட்டிய கை சும்மா இருக்குமா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முதலாளி வீட்டுப் பையன் ஃபஹத், புறப்படும்போது தன் பழைய வீடியோ கேம் பெட்டியையும், அதோடு மேசையில் மாட்டுகிற ஸ்டீயரிங், பெடல், கியர்க் கம்பு எல்லாவற்றையும் அவருக்குக் கொடுத்துவிட்டான். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய், பதினெட்டு வயதில் கார் ஓட்டவும் கற்றுக்கொடுத்த பிள்ளை. போர்வையும் கோடாலித் தைலமும் வருமென்று பெட்டியைத் திறந்த மனைவி ஆரோக்கியசெல்வி, உள்ளேயிருந்து ஸ்டீயரிங் எழுந்து வருவதைப் பார்த்து, பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள்.

அந்த ரேஸ் விளையாட்டில் நானூற்றுச் சொச்சம் வண்டிகள். இத்தாலிக்காரன் செய்தது, ஜெர்மன்காரன் செய்தது, அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான். பறக்கிற வண்டியும் உண்டு, பால்காரர் வண்டியும் உண்டு. எதை எடுத்தாலும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோலவே திரையில் தெரியும். ஸ்டீயரிங் நிஜத்தில் எந்தப் பக்கமோ அதே பக்கம். பந்தயம் ஜெயித்தால் பரிசு. பரிசில் புது வண்டி. முதலாளி வீட்டுக் கொட்டகையில் மஞ்சள் துணியால் தினமும் துடைக்க மட்டுமே கொடுத்துவைத்திருந்த அந்தச் சிவப்பு ஃபெராரி, இங்கே அவர் பேச்சைக் கேட்டு மணிக்கு முந்நூறில் போனது.

ஆறு மாதத்தில் அறுபத்துமூன்று வண்டி சேர்த்துவிட்டார். "அறுபத்துமூவர் புறப்பாடு மாதிரி வரிசையா நிக்க வெச்சிருக்கீங்களேண்ணே" என்று தெய்வசிகாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு வண்டியில் மட்டும் அவருக்கு மனத்தாங்கல். பத்தொன்பது வருஷம் அவர் நிஜமாக ஓட்டிய அதே லேண்ட் க்ரூஸர், அதே வெள்ளை நிறத்தில், இந்த விளையாட்டிலும் இருந்தது. ஆசையாக வாங்கி ஏறினார். அது ஜப்பானில் ஓடுகிற வண்டி. ஸ்டீயரிங் வலப்பக்கம். அவர் வாழ்நாளில் பாதியைக் கழித்த இடது இருக்கை காலியாகக் கிடந்தது. அன்றைக்கே விற்றுவிட்டார்.

இப்படியே காலம் போயிருக்கும். தை மாதத்தில் ஒரு நாள் ஆரோக்கியசெல்வி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க."

"ம்."

"உங்களத்தாங்க. வண்டி ஓடிக்கினே இருக்கட்டும், காத மட்டும் இப்படித் திருப்புங்க."

அவர் இத்தாலியில் ஒரு வளைவில் இருந்தார். காதைத் திருப்பினார்.

ஆரோக்கியசெல்வி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். அவர் குவைத்தில் இருந்த காலத்தில் அவளே ஆரம்பித்து அவளே வளர்த்தது. மகள் பிரபாவதியையும் அப்படித்தான் வளர்த்தாள். அவள் இப்போது சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதில் ஆரோக்கியசெல்விக்குச் செஞ்சி வரைக்கும் பேர்.

"விழுப்புரத்துல ஒரு மண்டபத்துக்காரங்க கூப்புடறாங்க. அவங்க மண்டபத்துல நடக்கற அத்தன கல்யாணத்துக்கும் பொண்ணு அலங்காரம் நானே பண்ணணுமாம்."

"நல்லதுதானே."

"சாயந்தரம் ரிசப்ஷன், காலைல முகூர்த்தம். ரெண்டுக்கும் நேரத்துக்கு நிக்கணும். சொந்த வண்டி இருந்தா வாங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்ன்றாங்க. ஈஸ்டருக்குள்ள பதில் சொல்லணும்."

"பஸ்ஸு ஓடுதே செல்வி."

"போன வாரம் பஸ்லதான் போனேன். என் பெட்டி மேல ஒருத்தரு கோழிக்கூண்ட வெச்சிட்டாரு. பொண்ணுக்கு சவுரி வெச்சிப் பின்னி முடிச்சா நடுவுல ரெண்டு எறகு. இது இன்னா புது ஃபேஷனான்னு மாப்ள வீட்ல கேக்கறாங்க. ஆமாங்கன்னுட்டேன்."

"வாடகை வண்டி வெச்சிக்க."

"மொத நாளு வண்டிக்காரரு வருவாரு. மறுநாளு அவரு மச்சான் வருவாரு. மூணாம் நாளு ஃபோன் சுவிட்ச் ஆஃப். பொண்ணு பாதி மொகத்துல பவுடரோட உக்காந்துக்கினு இருக்கும்."

சகாயராஜ் வளைவைத் தவறவிட்டார். ஃபெராரி வேலியில் மோதி நின்றது.

"ஒரு பழைய வண்டி வாங்கலாம்ங்க. நீங்க ஓட்டுங்க."

"நான்தான் முடிவு பண்ணிட்டேனே. ஊருக்கே தெரியும்."

"சரி, உங்க முடிவு உங்களுக்கு. அப்ப எனக்குக் கத்துக்குடுங்க. நான் ஓட்டிக்கறேன்."

"நீயா?"

"ஏன், அந்த ஃபஹத்துக்குக் கத்துக்குடுத்தீங்க இல்ல? ஃபோட்டோகூட அனுப்பினீங்க. 'என் மாணவன்'னு கீழ எழுதியிருந்துச்சு."

கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் வண்டியில் ஏற வேண்டும். ஏறினால் எந்தக் கதவு என்று யோசிக்க வேண்டும். மாணவி முன்னால் வாத்தியார் முட்டி கதவில் இடித்தால், பத்தொன்பது வருஷத்துக் குவைத் டிரைவர் என்ற பேர் அந்த இடத்திலேயே காலி. மனைவி மக்களைப் பிரிந்து போய் அவர் சம்பாதித்ததில் இன்னும் செலவாகாமல் மிச்சம் இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவருக்கு மூளையில் விளக்கெரிந்தது.

"செல்வி, கார் ஓட்டறது வெளையாட்டு இல்ல."

"தெரியும்ங்க."

"அதனால மொதல்ல வெளையாட்டுலயே கத்துக்க."

"இன்னாது?"

"இந்த கேம்ல ஓட்டு. அதே ஸ்டீயரிங், அதே பெடலு. இதுல என்னைய ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஜெயிச்சிடு. மறுநாளே வண்டி வாங்கறோம். நானே பக்கத்துல உக்காந்து கத்துக்குடுக்கறேன்."

ஆரோக்கியசெல்வி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒரு முகத்துக்கு எந்தக் களிம்பு தாங்கும் என்று கணக்குப் போடும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எந்த வண்டின்னு நான்தான் சொல்லுவேன்."

"எந்த வண்டி வேணும்னாலும் எடு. ராக்கெட்டே எடு."

"எனக்கு மட்டும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி. மாத்தி மாத்தி ஓட்டணும். யாரு சீக்கிரம் வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

"சரி சரி."

பக்கத்து வீட்டில் போய்த் தெய்வசிகாமணியிடம் சொன்னபோது அவர் வாய்பிளந்தார். "அண்ணே, இது ஏழு ஜென்மத்துக்குத் தாங்கும்ணே. உங்கள அதுல யாரு ஜெயிக்கறது? எங்க வீட்ல தையல் மெஷின் கேக்கறா. அதுக்கும் ஏதாவது கேமு இருக்குதாண்ணே?"

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பயிற்சியும் தொடங்கியது. சகாயராஜ் எதிர்பார்த்ததைவிட அது இனிமையாக இருந்தது. ஆரோக்கியசெல்வி வண்டியைப் பார்த்த விதம் வேறு.

"இந்த ஆரஞ்சு நல்லாருக்குது. மாநிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

"அது லம்போர்கினி செல்வி."

"இருந்துட்டுப் போவுது. ஏன் இவ்ளோ தாழ்வா இருக்குது? இதுல பொடவ கட்டிக்கினு எப்படி ஏறி எறங்கறது? ரெண்டு பேரு தூக்கி விடணும்."

"அது ரேஸ் வண்டி."

"பெட்டி எங்க வெக்கறது?"

"பெட்டியெல்லாம் வெக்க மாட்டாங்க."

"அப்ப இன்னாத்துக்கு அவ்ளோ அவசரமா போறாங்க, கையில ஒண்ணும் எடுத்துக்காம?"

பிரெஞ்சு வண்டி ஒன்றைப் பார்த்து, தவளைக்குப் புருவம் தீட்டின மாதிரி இருக்கிறது என்றாள். அமெரிக்க வண்டியைப் பார்த்து, இதை நம்ம தெருவில் திருப்ப முடியாது, வந்த வழியே பின்னால்தான் போக வேண்டும் என்றாள். ஓட்டும்போதோ வளைவுக்கு நூறு மீட்டர் முன்பே நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். தினமும் தோற்றாள். தினமும் சகாயராஜ் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

வாரத்தில் நாலு நாள் காலையில் அவள் விழுப்புரத்துக்கு பஸ் ஏறத் தொடங்கினாள்.

"எங்க காலங்காத்தால?"

"கிளாஸுங்க. புதுசா ஒண்ணு கத்துக்கறேன். ஒரு மாசம் ஆவும்."

"பார்லருக்கா?"

"பார்லருக்குத்தான். கையும் காலும் சேந்து வேல செய்யணும். மாஸ்டரு பக்கத்துலயே உக்காந்து சொல்லிக்குடுக்கறாரு."

"பெடிக்யூரா?"

"காலுதாங்க அதுல முக்கியம்" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நல்லதாகப் போயிற்று என்று சகாயராஜ் காலை நேரத்திலும் ஓட்டினார்.

பங்குனி வெயிலில் ஒரு பிற்பகல். ஆரோக்கியசெல்வி வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் கொட்டிக்கொண்டு அவர் அருகில் உட்கார்ந்தாள். அவர் தன் கராஜைத் திறந்து வண்டிகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டு ரசித்துக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தன வண்டிங்க இதுல?"

"நானூறுக்கு மேல."

"உங்களுது?"

"அறுபத்திமூணு."

அவள் ஒரு மல்லாட்டையை உடைத்தாள். "அந்த ஜெர்மன் வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கமா இருக்குது."

"ஆமா."

"அதுக்கு அடுத்ததுக்கும். அதுக்கும் அடுத்ததுக்கும். ஜப்பான் வண்டியே ஒண்ணும் வாங்கலியா? நம்ம ஊர்ல ஓடற மாதிரி வண்டியெல்லாம் அதுலதானே இருக்குது. தோ, ஸ்விஃப்ட்டுகூட இருக்குது பாருங்க."

"ஸ்விஃப்ட்ட ஓட்டறதுக்கு எதுக்கு செல்வி கேமு? பஸ் ஸ்டாண்டாண்ட போனா நாப்பது நிக்குது."

"ம்ம்" என்றாள் அவள்.

அந்த 'ம்ம்' அவளிடமிருந்து வருஷத்துக்கு இரண்டு முறைதான் வரும். கூடவே வாழ்ந்த மனிதர் என்றால் உடனே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பார். பத்தொன்பது வருஷம் ஃபோனிலேயே குடும்பம் நடத்தியவருக்கு அதன் பொருள் எப்படித் தெரியும்? சகாயராஜ் ஒரு மல்லாட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் பந்தயம் என்று அவளே நாள் குறித்தாள். நடுவராகத் தெய்வசிகாமணி வந்து நாற்காலி போட்டுக்கொண்டார். டீ வந்தது.

"எந்த வண்டி அண்ணி?"

"ஸ்விஃப்ட்டு."

சகாயராஜ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஆரோக்கியசெல்வி மேசைக்கு வலப்பக்கம் மாட்டியிருந்த கியர்க் கம்பைக் கழற்றி இடப்பக்கத்தில் முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது இன்னாத்துக்கு அங்க?"

"வண்டில அங்கதானே இருக்குது. பாருங்க, திரையிலயே தெரியுது."

சாலையும் அவளே தேர்ந்தாள். ஜப்பான் நகரத்துச் சாலை. இடப்பக்கம் ஓட வேண்டும். இரண்டு புறமும் சுவர். சுவரில் உரசினால் ஒவ்வொரு உரசலுக்கும் தண்டனையாக நேரம் கூடும்.

முதலில் அவள் ஓட்டினாள். பார்க்க ஒன்றுமே இல்லை. பால் வாங்கப் போகிறவள்போல் போனாள். கியர் மாற்றும்போது கண் கீழே போகவில்லை. இடக்கை தானாகப் போய்த் தானாக வந்தது. எதிலும் உரசவில்லை. தெய்வசிகாமணி ஒரு கொட்டாவிகூட விட்டார்.

பிறகு சகாயராஜ் உட்கார்ந்தார். உலகத்து வண்டியெல்லாம் ஏறி இறங்கிய காலால் பெடலை மிதித்தார். இரண்டாவது கியருக்கு வலக்கையை வீசினார். அங்கே கியர் இல்லை. டீ இருந்தது. டம்ளர் சரிந்து மடியில் கொட்டியது. துள்ளிய வேகத்தில் இடது சுவரில் ஒரு இழுப்பு. இடப்பக்கம் வண்டி எவ்வளவு நீளுகிறது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை; உடம்பு முழுக்க வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு இடது தோளைச் சுவரில் தேய்த்துக்கொண்டே போவதுபோல் இருந்தது. அடுத்த வளைவில் கை சொன்ன பேச்சைக் கேட்டு எதிர்ப்பக்கத்துச் சாலைக்கே போய்விட்டார். கடைசி வளைவில் ஸ்விஃப்ட் திரும்பி, வந்த திசையைப் பார்த்து நின்றது.

இருபத்திரண்டு வினாடி வித்தியாசம். ஜெயித்தது ஆரோக்கியசெல்வி.

தெய்வசிகாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "அண்ணே, கிளட்ச்சு ஏதாவது வாசன அடிக்குதா?"

"வெயிலு ஜாஸ்திங்க, அவருக்குக் காலைலருந்து தலவலி" என்றாள் ஆரோக்கியசெல்வி. "நீங்க போயி சாப்புடுங்க."

அவர் வாசலைத் தாண்டும்வரை அவள் காத்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, துணியால் டீயைத் துடைத்தாள்.

"டிராக்டர்காரரு விருத்தாசலம் பொண்ணுக்குப் போன வருஷம் கல்யாணம். நான்தான் அலங்காரம். பொண்ண உக்கார வெச்சா பேசிக்கினே இருக்குது. குவைத்துலருந்து ஒரு ஆளு வந்து மரக்காணம் ரோட்ல எங்க அப்பாவ ராங் சைட்ல வந்து மறிச்சாரு ஆன்ட்டின்னு ஒரே சிரிப்பு. நானும் சேந்து சிரிச்சேன்."

சகாயராஜ் தரையைப் பார்த்தார். "அப்பவே தெரியுமா உனக்கு?"

"அப்ப தெரியாது. குவைத்துக்குப் போயி வந்தவங்க இந்த ஊர்ல நூறு பேரு இருக்கறாங்க. உங்க அறுபத்திமூணு வண்டியப் பாத்தன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு மனுஷன் நானூறு வண்டில ஒரு வண்டிகூட வலப்பக்க ஸ்டீயரிங்கா இல்லாம பொறுக்கி எடுக்கறாருன்னா, அது ஆசையில எடுத்தது இல்லங்க. பயத்துல எடுத்தது."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

அவர் மடியிலிருந்த டீக்கறையைத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை தோறும் குவைத்திலிருந்து ஃபோன் செய்து, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று பத்தொன்பது வருஷம் சொல்லிப் பழகிய வாய். உள்ளதைச் சொல்ல அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"பந்தயம்னா பந்தயம்தான்" என்றார் கடைசியில். "வண்டி பாக்கலாம். கத்துக்குடுக்கறேன். எனக்கும் கொஞ்சம்… பழகணும்."

"நாளைக்கு ஈஸ்டருங்க. மொதல்ல பூசைக்குப் போலாம்."

மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் நின்றது. பழைய வண்டி. கண்டமங்கலத்து வாத்தியார் ஒருவர் வைத்திருந்தது. முன்பக்கம் சாமந்தி மாலை. பங்குச்சாமியார் தீர்த்தச் செம்போடு அதை மந்திரிக்க வந்துகொண்டிருந்தார். யாருடைய வண்டி என்று சகாயராஜ் எட்டிப் பார்ப்பதற்குள் நாலு பேர் அவரைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"வாங்கண்ணே, முன்ன வாங்க. உங்க வீட்டு வண்டி மந்திரிக்கறாங்க, பின்னால நின்னுக்கினு இருக்கீங்க."

"குவைத்து டிரைவர் முடிவ மாத்திக்கினாரு போல."

சகாயராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சாமியார் ஜெபம் சொல்லி, நாலு சக்கரத்துக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பினார். "ஓட்டறவங்க யாரு? நெத்தில சிலுவை போடணும்."

கூட்டம் சகாயராஜைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினார். சாமியாரின் கட்டைவிரல் அவர் நெற்றிக்கு நேராக வந்துவிட்டது.

"சாமி, இங்கங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி.

விரல் அந்தரத்தில் திரும்பி அவள் நெற்றியில் இறங்கியது. அவள் கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துச் சாமியாருக்குக் காட்டினாள். அவர் கேட்கவே இல்லை. இருந்தாலும் காட்டினாள். மை காயாததுபோல் புத்தம் புதுசாக இருந்தது அது.

விழுப்புரத்தில் அவள் கற்றது பெடிக்யூர் இல்லை என்பது சகாயராஜுக்கு அப்போதுதான் விளங்கியது.

பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் விழுப்புரத்துக்குப் புறப்பட்டார்கள். மண்டபத்தில் அன்று மாலை ரிசப்ஷன். பின்னிருக்கையில் பெட்டிகள் இரண்டும் கோழித் துணையில்லாமல் சவுகரியமாக உட்கார்ந்திருந்தன. சகாயராஜ் நேராகப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். இந்தத் தடவை அது சரியான கதவாக இருந்தது.

பெருஞ்சாலையில் ஏறியதும் அவள் இடப்பக்கத் தடத்தில் சேர்ந்து, அறுபதில் வைத்துக்கொண்டாள். லாரி கேட்டால் வழி விட்டாள். கண்ணாடி பார்த்தாள், சைகை விளக்குப் போட்டாள், பிறகுதான் விலகினாள். சகாயராஜின் வலது கால் மிதியடியில் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. விக்கிரவாண்டி வரை தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தார். அதற்குப் பிறகு விட்டுவிட்டார்.

"நல்லா கத்துக்குடுத்திருக்கான் உன் மாஸ்டரு" என்றார்.

"கோவக்காரரு. ஆனா நல்ல மனுஷன். ஒரு நாளு கேட்டாரு, ஏம்மா, உங்க வீட்ல வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தருமே இல்லியான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"இல்லீங்க சார்ன்னேன்."

முண்டியம்பாக்கம் கடந்து போனது. ஃபஹத்துக்கு முதல் நாள் ஸ்டீயரிங்கில் கை வைக்கச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. கை நடுங்கியது அந்தப் பிள்ளைக்கு. அதன்மேல் தன் கையை வைத்து, பயப்படாதே என்று உடைந்த அரபியில் சொன்னார். இதோ, பத்து விரலும் ஸ்டீயரிங்கில் பதிந்திருக்கிற இந்தக் கையும் முதல் நாள் நடுங்கியிருக்கும். அதன்மேல் கை வைத்தது யாரோ.

"நான் கத்துக்குடுத்திருக்கணும் செல்வி."

"தை மாசத்துல கேட்டேன்ங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தை மாதம் முடிந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள். அது இன்னும் வலித்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணும் மறந்துடல. கை பழகணும், அவ்ளோதான். பத்து நாளு ஓட்டினா சரியாயிடும்."

"தெரியும்ங்க. வைகாசில அடுக்கடுக்கா கல்யாணம் இருக்குது. ராவெல்லாம் நின்னு அலங்காரம் பண்ணிட்டுத் திரும்பும்போது எனக்குத் தூக்கம் சொக்கும். அப்ப நீங்கதான் ஓட்டணும். யாரோ ஒரு டிரைவர நம்பி நான் கண்ண மூட மாட்டேன்."

சகாயராஜுக்கு மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் அவர் வண்டியில் தூங்கியிருக்கிறார்கள். சொந்தத்தில் ஒருத்தரும் இல்லை.

"அதான் அதே ஸ்கூல்ல உங்களயும் சேத்துட்டேன். திங்கக்கெழம காலைல ஆறர மணிக்கு வரச்சொன்னாரு மாஸ்டரு."

"என்னையா? அந்த ஆளுகிட்டயா? என்னப் பத்தி இன்னான்னு சொல்லி வெச்சிருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஃபார்ம்ல 'முன் அனுபவம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு" என்றாள் ஆரோக்கியசெல்வி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "'இல்லை'ன்னு போட்டுட்டேன்."